சைலன்சரை அடைத்த கை

இது நடந்தது. எனக்கு நடந்தது. எனக்குக் கதை கட்டத் தெரிந்திருந்தால் இதைவிட நம்பும்படியாகக் கட்டியிருப்பேன்.

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்க்கிற ரகம் நான். என்னையே நான் நம்பமாட்டேன். அதனால் இதையும் முதலில் நம்பவில்லை. அன்று செய்ததை எல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன். எங்கே தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன் என்று தேடினேன். பலவற்றுக்கு ஏதோ ஒரு சமாதானம் கிடைத்தது. சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை...

பகலில் எனக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் பில் போடும் வேலை. மாலையில் வண்டி மெக்கானிக் வகுப்பு. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். தம்பி அப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். அது ஓடுகிறதா என்பதைவிட எப்படிச் சத்தம் போடுகிறது என்பதுதான் அவனுக்கு முக்கியம்.

“வண்டியோட வந்த கம்பெனி சைலன்சர் பூனை இருமுற மாதிரி இருக்குக்கா.”

“உன் சம்பளத்துக்குப் பூனைதான் வரும். புலிக்கெல்லாம் ஆசைப்படாதே.”

ஆசைப்பட்டான். நல்ல கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் சைலன்சர் விலையைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தான். பிறகு பெயர் தெரியாத கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் சைலன்சர் ஒன்றும் வளைந்த குழாய் ஒன்றும் மலிவாக வாங்கி வந்தான். மாட்டக் கூலி கிடையாது. அதற்குத்தான் அக்கா இருக்கிறாளே.

“கார் செத்தா பரவாயில்ல. விரல் பத்திரம்” என்றாள் அம்மா.

அந்த வாடகை வீட்டுக்கு நாங்கள் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பின்பக்கம் ஒரு கொட்டகை. முன்பு ஒர்க்‌ஷாப்பாக இருந்ததாம். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க நடுவில் ஒரு குழி. அதைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகைகளை எடுத்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். வகுப்பில்கூட இப்படி ஒன்று இல்லை. ஒரு ஆள் நிற்கிற அகலம். இறங்கவும் ஏறவும் பின்முனையில் மட்டும் படி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காரைக் குழியின் மேல் நிறுத்தினோம். பழைய சைலன்சரின் போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு, காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடிக்கவே, தம்பி ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினான்.

மணி 5.20. புதிய சைலன்சரைத் தூக்கிப் பொருத்த வேண்டும். இது இரண்டு பேர் வேலை. ஒருவர் முன்முனையைக் குழாயோடு சேர்க்க வேண்டும். இன்னொருவர் பின்முனையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் குழியில் முன்பக்கம் பார்த்து நின்றேன்.

“பின்னாடி தூக்குடா.”

தூக்கினான்.

“இன்னும் கொஞ்சம்.”

சரியாக இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. நட்டை முடுக்கினேன். முடுக்கி முடிக்கும்வரை ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லை. டீ கிளாஸைக்கூட ஆடாமல் பிடிக்கத் தெரியாதவன்... இன்று பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

“சபாஷ்டா” என்றேன்.



ஷட்டர் கிரீச்சிட்டது. தம்பி குனிந்து உள்ளே வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஒரு பொட்டலம்.

“குழாயை இறுக்குற கிளாம்ப் கிடைச்சிடுச்சுக்கா. கடையை மூடப் போனான். கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்.”

“நீ எப்ப போனே?”

“அப்பவே. சொல்லிட்டுத்தானே போனேன்? நீயும் உம்னு சொன்னியே!”

நான் திரும்பிப் பார்த்தேன். சைலன்சரின் பின்முனை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்க வேண்டிய ரப்பர் வளையம் இன்னும் என் சட்டைப் பையில் இருந்தது.

எங்காவது தட்டி நின்றிருக்கும். நான் கவனித்திருக்க மாட்டேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவான்.

ரப்பரை மாட்டினேன். கிளாம்பை முடுக்கினேன். இனி ஒரே ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சரின் வாயைக் கெட்டித் துணியால் அடைக்க வேண்டும். இணைப்பில் எங்காவது கசிவு இருந்தால் ‘புஸ்’ என்று காட்டிக்கொடுக்கும். அடைப்பவர் பின்னால். கேட்பவர் கீழே.

மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடக் கூடாது என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். ஆனால் மழை கொட்டியது. ஷட்டர்தான் கொஞ்சம் திறந்திருக்கிறதே... ஐந்து நிமிடம்தானே...

“ஸ்டார்ட் பண்ணிட்டுப் பின்னாடி வந்து அடைடா.”

மணி 5.50. எஞ்சின் உயிர் பெற்றது.

தட... தட... தடதடதட...

கொட்டகையே அதிர்ந்தது. முன்னாலிருந்து தம்பி சிரிப்பது கேட்டது. “புலிக்கா! புலி!”

“போதும் கொஞ்சினது. அடை!” என்று கத்தினேன்.

சத்தம் சட்டென்று அமுங்கியது. அடைத்துவிட்டான். நான் இணைப்பின் அருகே காதைக் கொண்டுபோனேன்.

புஸ்ஸ்ஸ்...

கசிவு. முகத்தில் சூடாகக் காற்று அடித்தது. ஒரு நட்டு சரியாக இறுகவில்லை. என் தப்பு. எனக்கு அப்போதே லேசாகத் தலை சுற்றியது.

அப்போது எஞ்சின் உறுமியது. யாரோ ஆக்ஸிலேட்டரை மிதித்தார்கள்.

“அக்கா! கேக்குதா? இன்னும் மிதிக்கவா?”

குரல் முன்னாலிருந்து வந்தது. டிரைவர் சீட்டிலிருந்து.

அப்படியென்றால்...

பின்னால்?

நான் மெல்லத் திரும்பினேன்.

சைலன்சரின் வாயில் ஒரு கை.

துணி இல்லை. வெறும் உள்ளங்கை. கொதிக்கிற இரும்பின் மேல் அழுந்தியிருந்தது. வயதான கை. நரம்பு புடைத்த மணிக்கட்டு. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. பம்பர் மறைத்தது.

பம்பருக்குக் கீழே... கால்கள் இல்லை. வெறும் தரை.

படி அந்தப் பக்கம்தான்.

கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

கை நகரவில்லை. காத்திருந்தது. எதற்கோ... பொறுமையாக...

புஸ்ஸ்ஸ்...

கண் இருட்டியது.

“போதும்.”

என் காதருகே கேட்டது. என் குரல்தான் என்று நினைத்தேன்.

கை விலகியது.

தடதடதடதட...

அதன் பிறகு எனக்குத் தெரிந்தது மழை மட்டும். தம்பி என்னை இழுத்து வந்து வெளியே போட்டிருந்தான். அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

“பயமுறுத்திட்டியே! நீயே துணி வச்சு அடைச்சிட்டேன்னு நினைச்சேன். அப்புறம் கரகரன்னு போதும்னே. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுக் கூப்பிட்டேன்... பதிலே இல்ல.”

“கண்ணாடியில பாத்தியா? பின்னாடி யார் இருந்தாங்க?”

“யாரும் இல்லியே.”

புகையில் மயங்கினால் இல்லாதது எல்லாம் தெரியும் என்றார் டாக்டர். நானும் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. சைலன்சரை யாரோ தூக்கிப் பிடித்தபோது எஞ்சின் ஓடவே இல்லையே...

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்காரம்மா வந்தார். வாடகை வாங்கக்கூட வராதவர். இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்து அவரே கார் ஓட்டி வந்திருந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அந்தக் குழியில யாராவது இறங்கினீங்களா?”

நான் தலையாட்டினேன்.

“என் தம்பி அதுலதான் புகையில மூச்சடைச்சுப் போனான்மா. அப்பாவும் அவனும் சேர்ந்து ஒர்க்‌ஷாப் நடத்தினாங்க. அப்பா பின்னாடி சைலன்சரை அடைப்பார். அவன் கீழ நின்னு கேப்பான். அவன் போதும்னு சொல்ற வரைக்கும் அப்பா கையை எடுக்க மாட்டார். அன்னைக்கு...” தண்ணீரை ஒரு வாய் குடித்தார். “அவன் சொல்லவே இல்ல. அப்பா அடைச்சுக்கிட்டே நின்னுட்டார்.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா இப்ப...” என்று கேட்டேன்.

“என்கூடத்தான் இருக்கார். பக்கவாதம் வந்து படுக்கையோட படுக்கை. பேச்சு போய் வருஷக்கணக்கா ஆச்சு. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ரூம்ல ஏதோ கருகுற வாடை. போய்ப் பாத்தா, அவர் வலது உள்ளங்கை வெந்து போயிருக்கு. வட்டமா... குழாய் வாய் மாதிரி. பக்கத்துல நெருப்பு, வெந்நீர் எதுவும் இல்ல.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அதுக்கப்புறம் பேச ஆரம்பிச்சிட்டார். ஒரே பேச்சு. என்னை அங்க கூட்டிட்டுப் போ, அவன் சொல்லிட்டான்னு. ரெண்டு நாளா தூங்க விடல. கார்லதான் உக்கார வச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை வந்து... உங்களைப் பாத்தா அடங்குவாரோ என்னவோ.”

போனேன். முன்சீட்டில் எலும்பும் தோலுமாக ஒரு பெரியவர். வலது கை முழுக்கக் கட்டு. என்னைப் பார்க்கவில்லை. கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பாவமாக இருந்தது. ஜன்னல் அருகே குனிந்தேன்.

“ஐயா... அன்னைக்குப் போதும்னு சொன்னது நான்தான்.”

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். இல்லை என்று தலையசைத்தார்.

“நீ இல்லம்மா. உன் பக்கத்துல நின்னானே... அவன்.”

மறுபடி கொட்டகையைப் பார்த்தார்.

“நீ மேல வந்துட்டே. அவன் ஏன் இன்னும் வரல?”