சும்மா நடக்கிற நர்ஸக்கா

கணுக்கால் உடைந்து கிடந்த நேரத்தில் நர்ஸக்கா குரோஷா போட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் ஆட்டுக்காரர் அவரைக் கண்டும் கடந்து போனார். பங்குனி மாதத்துக் காலை, பருத்தி பிடுங்கிய வெறும் நிலம், ஓரத்தில் ஒரே ஒரு வேம்பு. அதன் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் வெள்ளை நூல் உருண்டையை வைத்துக் கொக்கி ஊசியால் பின்னிக்கொண்டிருக்கும் ஒரு அம்மாவைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆபத்து என்று தோன்றும்? அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு நூறடி போய்விட்டார். அப்புறம்தான் அக்கா கூப்பிட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, ஒரு கை குடுத்துட்டுப் போங்க. காலு பிசகிட்டு." வரும்போதே ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு கேட்டேன். அந்தப் பின்னல் வரிசை முடியட்டும் என்று இருந்தாராம். வெடிப்பில் கால் சிக்கி விழுந்த இடத்திலிருந்து அந்த வேம்பு வரை அவர் ஊர்ந்தே வந்திருந்தார். அதை என்னிடம் அவர் சொல்லவில்லை, ஆட்டுக்காரர்தான் தடத்தைப் பார்த்துச் சொன்னார்.

நானும் அவரும் கிராம சுகாதார நர்ஸ்கள். எட்டயபுரம் சாலையில் அடுத்தடுத்த துணை சுகாதார நிலையங்களில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தோம். அவர் கரிசல்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் தாமிரபரணிக் கரையிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவள். எனக்கு முன்னால் அவர் ஓய்வு பெற்றார். கணவர் இறந்து வெகுநாளாகியிருந்தது, ஒரே மகன் சென்னையில். ஊர்க் கடைசியில் சின்ன வீடு, அதைச் சுற்றிப் பத்து சென்ட் நிலத்தில் தோட்டம், அதில் மூன்று மல்லிகை. "இத்தனை வருஷமா தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிட்டு நடந்தாச்சு. இனி சும்மா நடக்கப் போறேன்" என்று ஓய்வு பெற்ற மறுநாளே கிளம்பிவிட்டார்.

சும்மா நடப்பது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை. காரணமில்லாமல் காட்டுப்பாதையில் நடக்கிற பெண்பிள்ளையை இந்த ஊர் நம்பாது. எதிரே வருகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் நிற்கும். 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பதால், "நர்ஸம்மா, தூரமா?" என்று கேட்பார்கள். "சும்மா நடக்கேன்" என்று இவர் சொல்வார். பஸ்ஸை விட்டுவிட்டு அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று அவர்களாக முடிவுசெய்து, பின்சீட்டைத் தட்டி ஏறச்சொல்வார்கள். பக்கத்து ஊர்களில் இவர் தலை தெரிந்ததும் தாய்மார் ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளைகளை உள்ளே தூக்கிப் போனார்கள். இவர் வெறுங்கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு போவார். ஊர் அவரை 'சும்மா நடக்கிற நர்ஸம்மா' என்று ஒப்புக்கொள்ள முழுதாக ஒரு வருஷம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். புரட்டாசியில் விதைப்பு முடிந்த காடுகளைச் சுற்றிப் போவார், விதைத்த நிலத்தில் கால் வைக்க மாட்டார். ஐப்பசி மழையில் கரிசல் செருப்போடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனக்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார். தை மாதத்தில் கொத்தமல்லிச் செடி பூத்திருக்கும் காட்டோரம் வந்தால் நின்றுவிடுவார். வீட்டில் எனக்கு எவ்வளவு வேலை கிடந்தாலும் அங்கே நிற்பதற்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். நடந்து திரும்பினால் செடி, வெயில் ஏறினால் குரோஷா. நடக்கும்போதும் நூலும் ஊசியும் இடுப்புப் பையில் இருக்கும். அந்த வீட்டில் பின்னலுறை போடாத பொருள் கிடையாது. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குக்கூடக் குஞ்சம் தொங்குகிற பாவாடை ஒன்று போட்டிருந்தார். சிலிண்டர் மாற்ற வருகிற தம்பி அதைக் கழற்றத் தயங்கி நிற்பான். சடங்கான பிள்ளை மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்தால், உனக்கும் ஒன்று போடுகிறேன், அளவு சொல் என்பார்.

அப்படி இருந்தவர்தான் விழுந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தானே கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டார். சுளுக்குத்தான், எக்ஸ்ரே வேண்டாம் என்றார். காரணம் எனக்குத் தெரியும். மகன் மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை, அம்மா தனியாகக் கிடக்கிறாளே என்ற கவலை அவனுக்கு. ஒரு தடவை விழுந்தீர்கள் என்றால் மறுபேச்சில்லாமல் கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லி வைத்திருந்தான். அவனிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். சரி என்றேன். மூன்றாம் நாள் அவர் கால் முழங்கால் வரை நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்தேன். அவரும் நர்ஸ், நானும் நர்ஸ், யாரை யார் ஏமாற்றுவது? வெளியே வந்து, முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்று மகனுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் காலையிலேயே அவன் வந்துவிட்டான். கோவில்பட்டியில் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு இடத்தில் முறிவு. சென்னைக்குக் கிளம்பும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை என் கையில் வைத்து, "வாரத்துக்கு ஒருக்கா தண்ணி. மறுநாள் மேல்மண்ணைக் கொத்தி வெடிப்பை மூடிரு. அதுக்கு மேல ஒண்ணும் செய்யாத" என்றார். கார் போன பிறகு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செய்தது சரி என்று தெரிந்தும் அழுதேன். அவர் திரும்பி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வருவாரோ மாட்டாரோ, வந்தால் அவருடைய தோட்டம் இருந்தபடி இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். சித்திரை வெயிலில் மண் வாய் பிளந்து கிடந்தது. ஆற்றுத்தண்ணீர் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பொறுக்குமா? வாரத்துக்கு ஒரு தடவை என்பதை தினம் ஒரு தடவையாக்கினேன். கொத்தி விடச் சொன்னதை மறந்துவிட்டு வெடிப்புகளில் குடம் குடமாக ஊற்றினேன். மல்லிகை இலை மஞ்சளானது. தாகம் என்று நினைத்து, வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை ஊற்றினேன். கரிசல் ஒரு முறை குடித்ததை லேசில் விடாது என்பதைப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் இந்த மண்ணில் நடந்தும் என் கை கற்றுக்கொள்ளவில்லை. ஆடி பிறப்பதற்குள் மூன்று மல்லிகையும் வேர் அழுகிச் செத்தன. அவருக்கு நான் பதில் சொல்லவேண்டிய கணக்கு கூடிக்கொண்டே போனது. புரட்டாசியில் கோவில்பட்டி நர்சரியிலிருந்து மூன்று கன்று வாங்கிவந்து அதே குழிகளில் நட்டு வைத்தேன். அக்கா கண்டுபிடிக்க மாட்டார் என்று எப்படி நினைத்தேனோ, தெரியவில்லை.

அவர் என்னோடு பேசவில்லை, ஆனால் மகன் பேசுவான். கட்டுப் பிரித்த பிறகு அம்மா மாடிவீட்டு நடையில் முன்னும் பின்னும் நடக்கிறார் என்று ஒருநாள் சொன்னான். மொட்டைமாடிக்குப் போய்விட்டார் என்று இன்னொரு நாள். அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாமல், கைப்பிடியைத் தொடாமல் இறங்கி ஏறிக் காட்டிவிட்டால் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று மகனிடம் பேசி வைத்திருந்தாராம். முதல் தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் தடவை ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துவிட்டு, அவராகவே இது கணக்கில் சேராது என்று சொல்லியிருக்கிறார். மகன் பார்க்கவில்லை, சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கே டிக்கெட் போட்டிருப்பான். மூன்றாவது தடவை கார்த்திகையில் நடந்தது. கீழே போய், வாசலில் இரண்டு எட்டு நடந்து, திரும்ப ஏறி வந்து, மூச்சு வாங்க நின்றுகொண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னாராம்.

மகனே கொண்டுவந்து விட்டுப் போனான். கையில் தடி. வீட்டுக்குள் போகாமல் நேராக மல்லிகைக் குழிக்குப் போனார். கன்றை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. குனிய முடியாததால் தடியால் மண்ணைக் குத்திப் பார்த்தார். தடியில் மண் பசையாக ஒட்டி வந்தது. மழை பெய்த ஈரம் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"போன் போட்டதுக்கு ஒம்மேல கோவமாத்தான் போனேன். எக்ஸ்ரேயப் பாத்ததும் அது போயிட்டு. ஒங்கிட்டப் பேசத்தான் வெக்கமா இருந்துச்சு" என்றார். பிறகு தடியை நீட்டி, "இதுக்குத்தான் இப்பக் கோவம் வருது. மூணையும் ஊத்தியே கொன்னுருக்க" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அன்று பகல் முழுக்க அந்த மூன்று மல்லிகைக்காக என்னைத் திட்டினார், எட்டு மாதம் கழித்து அவர் குரல் காதில் விழுந்ததே போதும் என்றிருந்தது.

மறுநாள் விடிந்ததும் நடக்கக் கிளம்பினார். மழை விட்டு நான்கு நாளாகியிருந்தது. உளுந்து முழங்காலுக்குக் கீழே பச்சையாக நின்றது. வண்டிப்பாதை முடிந்து காட்டுக்குள் பிரிகிற இடத்தில் நின்று, செருப்பைக் கழற்றினார். எடுத்துக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தானே குனிந்து எடுத்துக்கொண்டார். அதற்கு வெகுநேரம் ஆனது. நிமிர்ந்ததும் என்னைப் பார்க்காமல் காட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இனி நான் விழுந்தா எங்கிட்டக் கேக்காம அவனுக்குப் போனைப் போட்ரு. நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். கையப் பிடிச்சுக்கூடக் கெஞ்சுவேன். நீ கேக்காத."

சரிக்கா என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு வருஷமாகிறது, நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது ஞாயிறு மட்டுமல்ல, எல்லா நாளும் நடக்கிறோம். எங்களை மறித்து யாரும் வண்டியில் ஏறச் சொல்வதில்லை. வெடிப்பு விடுகிற மாதங்களில் அவர் தடியால் முன்னே தட்டிப் பார்த்து நடக்கிறார். நான் ஒரு எட்டுப் பின்னால், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறேன். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. போன் என் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.