லைனருக்குப் பின்னால் நின்ற தண்ணீர்

அன்றைக்கு நைனா மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். அடையாறில் வேலை முடித்து, இரண்டு பஸ் மாறிப் பெரும்பாக்கம் வந்து சேர்வதற்குள் எப்போதும் இருட்டிவிடும். மேற்கு மாம்பலத்தில் என் ஆபீஸ் இருக்கும் தெருவில் மழைத்தண்ணீர் நின்றதால் எனக்கு லீவு. நான்தான் கதவைத் திறந்தேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

"இன்னா நைனா?"

"ஒண்ணுமில்ல. வர வேணாம்னுட்டாங்க."

"யாரு?"

"மேடம்தான். நீச்சக் கொளத்து ஷீட்டு கிழிஞ்சிடுச்சாம். நான்தான் கிழிச்சேனாம்."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சோறு கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் தட்டை எடுக்கக்கூடக் கை வரவில்லை.

நைனா நீச்சல் குளம் சுத்தம் செய்கிறவர். அடையாறில் ஒரு பழைய பங்களா, பாலவாக்கத்தில் கடலோரமாக இரண்டு வீடுகள். நாங்கள் அடையாற்றங்கரையில் குடிசையில் இருந்த காலத்திலிருந்தே அந்த பங்களாவுக்குப் போகிறார். அங்கிருந்து எங்களைக் காலி செய்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் அந்த வேலையை விடவில்லை. அந்த வேலையில்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிவில் இன்ஜினியரிங் முடித்து, பழைய கட்டடங்களில் ஓதம், விரிசல் பார்த்துச் சொல்லும் ஆபீஸில் இருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அந்த பங்களாவின் குளம் மற்ற குளங்கள் மாதிரி டைல்ஸ் ஒட்டியது அல்ல. வெளிநாட்டிலிருந்து திரும்பிய சார் அங்கே பார்த்த மாதிரியே இங்கும் போட்டுக்கொண்டது. அடியில் மணல், சுற்றிலும் தகட்டுச் சுவர், அதன்மேல் ஒரே துண்டாக நீல நிற வினைல் ஷீட். அதைத்தான் லைனர் என்பார்கள். மேலே ஓரத்தில் காடி என்கிற நீளப் பள்ளத்துக்குள் அதன் விளிம்பைச் சொருகியிருக்கும். அவ்வளவுதான் பிடிமானம். போட்டுப் பல வருஷம் ஆகி, நீலம் வெளுத்து, கை வைத்தால் பழைய ரெக்சின் மாதிரி மொரமொரவென்று இருந்தது. மாற்ற வேண்டும் என்று நைனா சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை விட்ட மறுநாள் அந்த லைனரின் தரை, நடுவில் ஒரு மேடு மாதிரி எழும்பி நின்றிருக்கிறது. அடியில் தண்ணீர். நைனா தள்ளும் பிரஷ்ஷின் சக்கரம் குத்திக் கிழித்து, குளத்துத் தண்ணீர் அடியில் இறங்கிவிட்டது என்று மேடம் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியதோடு விடவில்லை. நீச்சல் குளம் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், எங்கள் குளம் சுத்தம் செய்கிறவர் லைனரைக் கிழித்துவிட்டார், வேறு நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று போட்டிருக்கிறார். நைனா சாப்பிட்டு முடிப்பதற்குள் பாலவாக்கத்து வீடுகள் இரண்டிலிருந்தும் போன் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். கொஞ்ச நாள் வர வேண்டாம்.

"மழைக்கு முன்னாடி தண்ணி எவ்ளோ இருந்துச்சு நைனா?"

"இறக்கி வெச்சிருந்தேன். இடுப்பளவு."

"ஏன் இறக்குன?"

"சார் சொன்னாரு."

மழை எச்சரிக்கை வந்தால் சென்னையில் வீட்டுக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடிமேல் ஷீட் போட்டுச் செங்கல் வைப்பார்கள். சார் வேளச்சேரி மேம்பாலத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், கார் கண்ணாடியை இறக்கி, "குளம் ரொம்பி வீட்டுக்குள்ள வந்துடப் போகுது, பாதி இறக்கிடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நைனா இறக்கினார்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கு இதைப் படித்துத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் குடிசைக்குள் வெள்ளம் ஒருநாளும் வாசல் வழியாக முதலில் வந்ததில்லை. தரை நசநசக்கும், பாய் ஈரமாகும், பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் ஊற்று மாதிரி பொங்கும். நிலத்தடித் தண்ணீர் கீழேயிருந்துதான் தள்ளும். அந்த ஷீட்டைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது குளத்துத் தண்ணீரின் கனம் மட்டும்தான். அதில் பாதியை இறக்கச் சொன்னவர் சார். பழி நைனாவுக்கு.

"இத்த மேடத்துகிட்ட சொன்னியா?"

"இன்னாத்துக்கு? சாரு பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. அவரே சொல்வாருன்னு பாத்தேன்."

"சொன்னாரா?"

நைனா கையைக் கழுவ எழுந்தார்.

மறுநாள் காலை அவரை இழுத்துக்கொண்டு அடையாறுக்குப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க, "நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

கேட்டைத் தாண்டியதுமே மோட்டார் சத்தம். சம்ப் கழுவும் ஆள் ஒருவர் பெரிய குழாயைக் குளத்துக்குள் விட்டிருந்தார். மழை விட்டால் தெருத்தெருவாக அவருக்கு இதுதான் வேலை. காலி பண்ணு, தேய்த்துக் கழுவு, பிளீச்சிங் பவுடர் போடு. குளத்தையும் சம்ப் மாதிரி நினைத்துக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. நடுவில் நீல மேடு தண்ணீருக்கு வெளியே முதுகு காட்டியது. மூலைகளில் லைனர் விறைத்து இழுத்துக்கொண்டிருந்தது.

நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

"ஹலோ, இன்னா தங்கச்சி? ஓடிக்கினு கீற மோட்டார நிறுத்துற?"

"இன்னும் கொஞ்சம் இறக்குனீங்கன்னா மூலை கிழியும் அண்ணே. சுவரும் உள்ள தள்ளும்."

அவர் எட்டிப் பார்த்தார். "நானும் பாத்துக்கினேதான் கீறேன். எறைக்க எறைக்கப் புள்ளத்தாச்சி மாரி வயிறு வீங்கினே போது. பிரசவம் பாக்கக் கூப்ட்டாங்கன்னு எனக்குத் தெரியாது."

மேடம் வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு நைனாவைக் கேட்டார். "என்னப்பா இது? யார் இந்தப் பொண்ணு?"

"நம்ம பாப்பா மேடம்."

"எதுக்குக் கூட்டிண்டு வந்த? சண்டை போடவா?"

"தண்ணி எங்கேயிருந்து வந்ததுன்னு காட்ட வந்திருக்கேன் மேடம்" என்றேன். "ஒரு குழி தோண்டணும். அவ்வளவுதான்."

"தோட்டத்தையும் தோண்டணுமா? இருக்கற கஷ்டம் போறாதா?"

பால்கனியில் சார் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து உள்ளே போகவில்லை. கீழே இறங்கியும் வரவில்லை. நான் அவரை நிமிர்ந்து பார்த்தபடியே, "சாரைக் கேட்டுத் தோண்டுறோம்" என்றேன். "தோண்டட்டுமே" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

குளத்தை ஒட்டித் தென்னைமரத்தடியில் நைனா கடப்பாரை போட்டார். நான் மண்ணை அள்ளினேன். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை, தண்ணீர் ஊறி மேலே வந்து நின்றது. என் பையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் எப்போதும் இருக்கும். தண்ணீர் நிரப்பிய அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் குழியில் தெரிந்த தண்ணீருக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி சம்ப் கழுவுகிறவரிடம் கொடுத்தேன். மறுமுனையைக் குளத்தின் உள்சுவரில் வைத்தேன். டியூபில் தண்ணீர் நின்ற இடம் குளத்தின் மேல்விளிம்புக்குக் கொஞ்சம்தான் கீழே. குளத்துத் தண்ணீரோ பாதாளத்தில் கிடந்தது. நேற்று இடுப்பளவு இருந்தபோது நனைந்த கோடுகூட டியூபைப் பிடித்திருந்த என் விரலுக்கு வெகுகீழே.

"கிழிசல் வழியா உங்க குளத்துத் தண்ணிதான் இறங்குச்சுன்னா, அது குளத்தை விட உயரமா எப்படி மேடம் ஏறும்?"

மேடம் குனிந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"ஏறாது" என்றார் சம்ப் கழுவுகிறவர், டியூபைப் பிடித்தபடியே. "தண்ணி மேட்டுக்கு ஏறுனா நான் ஏன் மோட்டார் தூக்கினு அலையறேன்?"

இந்த இடத்தில் யாராவது ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் என் கோபம் அடங்கியிருக்குமோ என்னவோ. மேடம் கேட்டது வேறு. "சரி, இப்ப இதை எப்படி வெளியே எடுக்கறது?"

வேலையைப் பார்த்தோம். குழியிலிருந்து ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்துத் தெருக் கால்வாய்க்கு இறைத்தோம். போர்வெல் தண்ணீரைக் குளத்துக்குள் திருப்பிவிட்டோம். காலி செய்யக் கூடாது, கனம் ஏற்ற வேண்டும். பிறகு மூலையில் லைனரின் விளிம்பைக் காடியிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு எடுக்க வேண்டியிருந்தது. சும்மா இழுத்தால் அந்தப் பழைய ஷீட் அப்பளமாக உடையும். வெந்நீர் ஊற்றி இளக்கித்தான் எடுக்க முடியும்.

"மேடம், வெந்நீர் வேணும்."

மேடம் உள்ளே போய்ப் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கி ஊற்றும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

விளிம்பு இளகிக் கழன்றது. முனையில் ஓட்டைகள் போட்டு மணல் புகாமல் துணி சுற்றிய சின்னக் குழாயை லைனருக்கும் சுவருக்கும் நடுவில் அடிவரைக்கும் இறக்கினேன். நைனா குளத்துக்குள் இறங்கினார். மேட்டின் ஓரத்தில் நின்று, வெறுங்காலால் மெதுவாக மிதித்து மிதித்து, அடியில் இருந்த தண்ணீரைக் குழாய் இருக்கும் மூலைப்பக்கம் தள்ளினார். களிமண் நிறத்தில் நாற்றமடிக்கும் தண்ணீர் வெளியே கொட்டத் தொடங்கியது. ஷீட் எங்கேயும் கிழிந்திருக்கவில்லை.

சார் இப்போது கீழே வந்து நின்றார். "குட், குட். நல்லா பண்றேம்மா. எந்தக் காலேஜ்?"

நான் காலேஜ் பெயரைச் சொல்லவில்லை. "மழைக்கு முன்னாடி தண்ணிய இறக்கச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டேன்.

"பாப்பா!" குளத்துக்குள்ளிருந்து நைனா அதட்டினார். "கம்முனு இரு. நான்தான் இறக்குனேன்."

"நீ இறக்குன நைனா. சொன்னது யாருன்னு கேக்குறேன்."

சார் தென்னைமரத்தைப் பார்த்தார். மேடம் சாரைப் பார்த்தார். "நீங்களா சொன்னேள்?"

"ஜெனரலா சொன்னேன். ஒரு பிரிகாஷனுக்கு..."

"நேத்து இவரை அனுப்பும்போது பக்கத்துலதானே நின்னேள்?"

சாருக்கு உள்ளே ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது. போய்விட்டார். மேடத்தின் முகம் சிவந்திருந்தது. அது எங்களுக்காகச் சிவந்ததா, எங்கள் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று சிவந்ததா என்று எனக்குத் தெரியாது. "சரிப்பா, நாளைலேர்ந்து எப்பவும் போல வந்துடு" என்றார்.

"குரூப்ல போட்டதுக்கு என்ன பண்றது மேடம்?"

"அதெல்லாம் ரெண்டு நாள்ல மறந்துடுவாம்மா."

"பாலவாக்கத்துல மறக்கலையே. நேத்தே போன் வந்துடுச்சு."

மேடம் போனை எடுத்து எதையோ தட்டி என்னிடம் காட்டினார். லைனர் பிரச்சினை சரியாகிவிட்டது, நிலத்தடி நீர்தான் காரணம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நைனாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் குளத்திலிருந்து குரல் வந்தது. "பாப்பா, இன்னா போட்டிருக்காங்க? படி."

படித்துத் தமிழில் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நைனா மிதிப்பதை நிறுத்தினார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மேடத்தை நேராகப் பார்த்தார். அவர் அந்த வீட்டில் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "நான் கிழிக்கலன்னு போடுங்க மேடம். போடற வரிக்கும் நான் இங்கயேதான் நிப்பேன்."

மேடம் மறுபடி தட்டினார். பாதியில் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "உன் பேர் என்னப்பா?"

இத்தனை வருஷம். நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்னாலிருந்து. அந்த வீட்டுக் குளத்தில் மிதந்த ஒவ்வொரு இலையையும் எடுத்துப்போட்ட ஆளின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. போனில்கூட 'ஸ்விம்மிங் பூல்' என்றுதான் பதிந்து வைத்திருந்தார்கள். கையில் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைத்தேன். வைத்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பேனோ.

நைனா கோபப்படவில்லை. ஈரக் கையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, இனிஷியலோடு சேர்த்துத் தன் பெயரை நிதானமாகச் சொன்னார். மேடம் அடித்து முடித்து அனுப்பிவிட்டு, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நைனா என்னைப் பார்த்தார்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு நைனா. பேரோட."

"சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார். குழாயில் தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் வந்துகொண்டிருந்தது.