எட்டு வகை அறிவும் என் தட்டுக்கழியும்

எங்கள் பிளாக்குக்கு அபாகஸ் வகுப்பு வந்த வருடம், என் பரதநாட்டிய வகுப்பில் பாதிப் பிள்ளைகள் காணாமல் போனார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு குவார்ட்டர்ஸில் ஒரு அம்மாள் மணிச்சட்டத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்திருந்தார். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். பாதி மூளை சிவப்பு, பாதி மூளை நீலம். கீழே, 'உங்கள் குழந்தையின் மூளை முழுதாக வேலை செய்கிறதா?' என்று ஒரு கேள்வி. நெய்வேலியில் பெற்றவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. ஒரு பொருள் முழுத் திறனில் ஓடவில்லை என்றால் இங்கே யாருக்கும் தூக்கம் வராது. கொதிகலனோ, மிக்ஸியோ, பெற்ற பிள்ளையோ, எல்லாம் ஒன்றுதான்.

என் வகுப்பு எங்கள் குவார்ட்டர்ஸின் பக்கவாட்டில் போட்டிருந்த தகரக் கொட்டகையில் நடந்தது. மனைக்கட்டை மேல் தட்டுக்கழியால் தட்டி, தொண்டை கிழியக் கத்தி, அரைமண்டியில் மடங்காத முட்டிகளைத் திட்டி, இப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன், இப்படித்தான் கற்பித்தேன். மூளையைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. கால் ஒழுங்காக விழுந்தால் மூளை எங்கே போய்விடும்? "நீயும் ஒரு போர்டு வையேன், உங்கள் குழந்தையின் முட்டி முழுதாக வேலை செய்கிறதான்னு" என்றார் என் கணவர். பவர் ஹவுஸில் வேலை. வேலைதான் ஷிப்ட் ஷிப்டாக மாறும், நக்கலுக்கு லீவே கிடையாது.

போனவர்கள் போகட்டும் என்று விட்டிருப்பேன். என்னைக் கவலைப்பட வைத்தது ஒரே ஒரு பெண்தான். எட்டாம் வகுப்பு. ஒல்லிக்குச்சி. பேச்சு குறைவு. ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததை அவள் ஆடும்போது, இதை நானா சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்கே சந்தேகம் வரும். அப்படி ஒரு பிள்ளை ஒரு ஆசிரியைக்கு ஆயுசில் ஒன்றோ இரண்டோதான் வாய்க்கும். அவளுக்குக் கணக்கு மட்டும் வராது. அவளுடைய அப்பா மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மெஷினை ஓட்டுகிறவர். அவர் அந்த ஃபிளெக்ஸைத் தினமும் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். அதை நினைத்தாலே எனக்குப் பகீரென்றது.

இந்த நேரத்தில்தான், நான் பகுதி நேரமாகப் போய்வந்த பள்ளியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் வைத்தார்கள். மதியச் சாப்பாடு உண்டு என்பதால் போனேன், பொய் சொல்வானேன். டை கட்டிய ஒருவர் வந்து, உலகத்தில் எட்டு வகை அறிவு இருக்கிறது என்றார். எண்ணறிவு, மொழியறிவு, இசையறிவு, உடலறிவு, காட்சியறிவு, பிறரை அறியும் அறிவு, தன்னை அறியும் அறிவு, இயற்கையறிவு. எனக்கு அதுவரை இரண்டு வகைப் பிள்ளைகளைத்தான் தெரியும்: தாளத்தில் நிற்பவை, நிற்காதவை. கண்ணால் கற்கும் பிள்ளை, காதால் கற்கும் பிள்ளை, கையால் கற்கும் பிள்ளை என்று வேறு பிரித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வழியில் கற்பிக்க வேண்டுமாம். சாம்பார் சாதம் உள்ளே போகப் போக எனக்கு ஞானம் பிறந்தது. அடி சக்கை, அந்த அபாகஸ்காரி இரண்டு பாதி மூளையைத்தானே விற்கிறாள், நம்மிடம் எட்டு இருக்கிறதே!

பக்கத்து ஊர் மந்தாரக்குப்பத்தில் ஃபிளெக்ஸ் அடித்து வந்து வாசலில் கட்டினேன். 'நடனம் வழியாக எட்டு வகை அறிவு.' அடுத்த வாரமே பிள்ளைகளை எட்டாகப் பிரித்தேன். வகுப்பில் ஓயாமல் பேசுகிறவர்கள் பிறரை அறியும் அறிவு. கேட்டால் பதில் சொல்லாதவர்கள் தன்னை அறியும் அறிவு. ஆடும்போது கொட்டகை ஓரத்துப் பலாமரத்து அணிலையே பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி இயற்கையறிவு. அவளை மரத்தடியிலேயே ஆடவிட்டேன். சுள்ளெறும்பு கடித்து அவள் அன்று குதித்த குதியை இதுவரை எந்த அடவிலும் நான் பார்த்ததில்லை. காட்சியறிவுப் பிள்ளைகளுக்காகத் தரையில் சாக்பீஸால் பாதங்கள் வரைந்து வைத்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே ஆடி, தலையோடு தலை மோதிக்கொண்டு அழுதார்கள். மொழியறிவுப் பிள்ளைகள் ஜதியை எழுதி மனப்பாடம் செய்து 'தெய்யும் தத்த தெய்யும் தா' என்று கணீரென்று ஒப்பித்தார்கள். கால் மட்டும் அசையவில்லை. "நீங்கள் ஆட வேண்டாம், கச்சேரிக்குப் போங்கள்" என்று கத்தினேன்.

பிள்ளைகளையாவது சமாளிக்கலாம். அம்மாக்களை என்ன செய்வது? இந்த ஊரில் எதையாவது எட்டாகப் பிரித்தால், அதில் எது உசத்தி, எது மட்டம் என்பதுதான் முதல் கேள்வி. கிரேடு இல்லாத ஒரு பிரிவை இங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. எண்ணறிவுதான் மேல் கிரேடு, இயற்கையறிவு கடைசி என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். "இயற்கையறிவா? ஐயோ, அப்ப இவளுக்கு இன்ஜினியரிங் கிடைக்காதா மிஸ்?" என்று அணில் பெண்ணின் அம்மா கண் கலங்கினார். இன்னொருவர் நேரடியாகவே கேட்டார்: "மூணு வருஷமா வர்றா மிஸ். சீனியாரிட்டி பாத்தாகூட எண்ணறிவுலதானே போடணும்?" வேறொருவர் தன் கணவரின் மேலதிகாரியை விட்டு என் கணவரிடம் சொல்லவைத்தார். "உன் டிப்பார்ட்மென்ட்ல ஒரு டிரான்ஸ்ஃபர் பாத்துப் பண்ணிக் குடும்மா" என்று என் கணவர் தட்டில் தோசையை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த தோசையைக் கருக்கினேன்.

ஒரு சாயங்காலம் அந்த ஒல்லிக்குச்சிப் பெண்ணின் அப்பா வந்து நின்றார். கையில் சாப்பாட்டு கேரியர், நேராக ஷிப்ட் முடிந்து வருகிறார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். கணக்குல பார்டர்லயே நின்னுகினு இருக்கா. டான்ஸ நிறுத்திட்டு அபாகஸ்ல வுட்டுடலாம்னு பாக்குறேன்."

அந்தப் பெண் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேசிவிட்டது. "என்னங்க இப்படிச் சொல்றீங்க? டான்ஸே கணக்குதாங்க! உடலறிவு வழியா எண்ணறிவுக்குப் போறதுதான் இப்ப உலகம் பூரா நடக்குது." டை கட்டியவர் சொன்னது, சொல்லாதது எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப, இத ஆடினா கணக்கு வரும்னு சொல்றீங்க."

"வரும்."

"சரி. ட்ரையல் ரன் பாத்துடலாம். காலாண்டு வரைக்கும்."

சொன்னபடி பார்க்கவும் வந்தார். ஷிப்ட் ஒத்துவருகிற நாளெல்லாம் கொட்டகை மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கைகட்டி உட்கார்ந்துவிடுவார். நடுநடுவே, "இப்ப எந்த அறிவு மேடம் ஓடிகினு இருக்கு?" என்று கேட்பார். "எண்ணறிவு" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

வாய் விட்டாயிற்று, இனி கணக்கு வந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த கணக்கு தாளம் ஒன்றுதான். ஒருநாள் நான் கழியால் சீராகத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையை மூன்று மூன்றாக, 'தகிட' என்று ஆடச் சொன்னேன். இவளை நான்கு நான்காக, 'தகதிமி' என்று ஆடச் சொன்னேன். "ரெண்டு பேரோட முதல் தட்டும் எப்ப ஒண்ணா விழும்?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு முடிஞ்சதும் மிஸ்" என்றாள், கால் நிற்காமல்.

"நாலுக்கும் ஆறுக்கும்?"

கண்ணை மூடிக்கொண்டாள். பாதம் மட்டும் லேசாக அசைந்தது. "இருபத்திநாலு இல்ல மிஸ். அவங்க பன்னெண்டுலயே சேந்துடறாங்க." சட்டென்று கண்ணைத் திறந்தாள். "ஐயோ மிஸ், எல்.சி.எம். இதுதானா? இத ஏன் ஸ்கூல்ல யாரும் சொல்லல?"

அது எல்.சி.எம். என்பது எனக்கே அவள் சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன் என்பதுபோல மூலையில் இருந்த நாற்காலியைப் பார்த்தேன். அன்றிலிருந்து பின்னக் கணக்கெல்லாம் எங்கள் கொட்டகையில் காலால் போடப்பட்டது. காலாண்டுத் தேர்வில் அவள் எண்பதைத் தாண்டினாள்.

நான் தரையில் நடக்கவில்லை. போன பிள்ளைகள் திரும்பினார்கள். அபாகஸ் அம்மாளே தன் மகளுக்கு இடம் இருக்கிறதா என்று ஆள் விட்டுக் கேட்டார். பெண்ணின் அப்பா ஸ்வீட் பெட்டியோடு வந்தார். "நீங்க சொன்னா மாதிரியே ஆயிடுச்சி மேடம். கேரண்டின்னா இதாங்க கேரண்டி. ரொம்ப நன்றி. நாளையிலேர்ந்து இவ வரமாட்டா."

எனக்குப் புரியவில்லை. "ஏங்க?"

அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. "அதான் சரியாயிடுச்சே? ரிப்பேர் முடிஞ்ச மெஷின ஒர்க்‌ஷாப்லயே வெச்சிருப்பாங்களா மேடம்?"

டான்ஸ் கணக்குக்காகத்தான் என்று தலையில் அடித்துச் சொன்னது நான்தானே. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் ஃபிளெக்ஸே அடித்து வைத்துக்கொண்டேன். "மார்க் ஏறிடுச்சி, டான்ஸ நிறுத்தியாச்சி, சொன்னா சொன்னதுதான்" என்று கம்பெனி பஸ் முழுக்க அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று என் கணவர் வந்து சொன்னார். அன்று அவர் நக்கல் பண்ணவில்லை. அந்த மனிதர் நக்கல் பண்ணாததே எனக்கு அழுகையை வரவழைத்துவிட்டது. கொட்டகை நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கோ கழியைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரம், அப்பாவும் பெண்ணும் கொட்டகை வாசலில் நின்றார்கள்.

"பழையபடி மக்கர் பண்ணுது மேடம். கணக்கு மறுபடி பார்டருக்கு வந்துடுச்சி. திரும்ப ஆரம்பிச்சிடுங்க."

அவருக்குப் பின்னால் அவள் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் நவரசத்தில் ஒரு ரசம்கூட இல்லை. அபிநயத்தில் வகுப்பிலேயே முதல் பெண் அவள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் எங்கே யோசித்தேன், "வாடி உள்ளே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

முழுப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் தயங்கி நின்றாள். அப்பா வெளியே வண்டியோடு காத்திருந்தார்.

"மிஸ், முழுப் பரீட்சைக்கு எவ்ளோ எடுக்கட்டும்?"

"என்னடி கேள்வி? நூறு எடு."

"நூறு எடுத்தா சரியாயிடுச்சின்னு நிறுத்திடுவாரு. ரொம்ப கம்மியானா டான்ஸ் வேலைக்கே ஆகலன்னு நிறுத்திடுவாரு. நடுவுல எங்க மிஸ் நிக்கணும்?"

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இது எட்டில் எந்த வகை என்று அந்த டைக்காரரைத்தான் கேட்க வேண்டும். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. பதின்மூன்று வயதுப் பிள்ளை, தெரிந்த கணக்கைத் தெரிந்தே தப்பாகப் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள், ஆடுவதற்காக. "இரு, வர்றேன்" என்று விறுவிறுவென்று வெளியே போனேன்.

"இங்க பாருங்க" என்றேன் அவரிடம். "கணக்கு வருமோ வராதோ, எனக்குத் தெரியாது. டான்ஸால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னே வெச்சுக்கோங்க. அவ நல்லா ஆடுறா. அதுக்காக அவ ஆடணும். அவ்வளவுதான்."

அவர் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவா பேசுங்க மேடம், அவ காதுல வுழப்போவுது. வேணும்னேதான் கொறச்சான்னு எனக்குத் தெரியாதா? அரையாண்டு பரீட்சைக்கு மொத நாளு என் தம்பி பொண்ணுக்கு அதே கணக்கத்தான் ஒக்காந்து சொல்லிக் குடுத்துகினு இருந்தா."

"அப்ப ஏங்க அவளைக் கேக்கல?"

"கேட்டா உண்மைய சொல்லிடுவா. சொல்லிட்டா நான் நிறுத்தணும். கணக்கு வந்துட்டா டான்ஸ் கெடையாதுன்னு பஸ்ஸு பூரா சொல்லி வெச்சிட்டேனே." வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார். "டான்ஸ நிறுத்தியிருந்தப்ப வூட்ல அவ நடந்தத நீங்க பாக்கல மேடம். நடக்குறா மாதிரியே இல்ல. என்னால அத பாத்துகினு இருக்க முடியல. எங்கியாவது நடுவாந்தரமா நிக்கட்டும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

நான் உள்ளே திரும்பினேன். அவள் அதற்குள் அரைமண்டியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தஞ்சு" என்று சொல்லிவிட்டுக் கழியை எடுத்தேன்.