அக்கா வருவதற்குள் ஒரு தரை

பாசி பிடித்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்ததும் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்ளும். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த சின்ன வீட்டின் குளியலறையில் வருடக்கணக்கில் அப்படித்தான் குளித்தோம், யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அக்காவுக்கு வளைகாப்பு முடிவானது. வளையல் அடுக்கிய கையோடு தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள், அதற்குள் தரையை மாற்றியாக வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

பெயிண்ட் வேலை பார்த்த அப்பா, தி. நகர் பங்களா ஒன்றில் சமையலறைச் சுவருக்கு ஒட்டியதுபோக மிஞ்சிய உடைசல் டைல்ஸைக் கேட்டு வாங்கி, இரண்டு கோணிப்பையில் கொண்டுவந்தார். வெள்ளையும் நீலமுமாகப் பளபளத்தன. வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், 'பட்ச்சவன் சொன்னா செரியாத்தான் இருக்கும்' என்பது அப்பாவின் தீர்மானம். நான் கிராஃப் தாளில் ஒரு பூவை வரைந்து, தண்ணீர் ஓட 'வாட்டம்' எவ்வளவு என்றும் குறித்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் கலவை குழைக்க, அப்பா தட்டித்தட்டிப் பதிக்க, மதியத்துக்குள் பூ மலர்ந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்த அம்மா, ஈரக்காலை நிலைப்படிக்கு அப்பால் மெல்ல ஊன்றினாள். கால் சர்ரென்று போனது. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நானாவது வுய்ந்தா எய்ந்துப்பேன். வயித்துப் புள்ளையோட வர்றவ இன்னாடா பண்ணுவா?"

கோணி விரித்துக்கொள்ளலாம் என்று அப்பா முனகியதை அவள் காதில் வாங்கவில்லை. நான் மிஞ்சிக் கிடந்த ஒரு துண்டைத் திருப்பினேன்; முதுகுப்புறம் கோடு கோடாகச் சொரசொரத்தது. நனைத்துக் காலால் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கவில்லை.

"தலகீயா போட்டுடலாம்பா."

அப்பா அந்தப் பூவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கலவ இறுகறதுக்குள்ள எடு" என்று கொத்துக்கரண்டியை நீட்டினார். விளக்கு வைப்பதற்குள் எல்லாத் துண்டும் குப்புறப் படுத்துவிட்டன. வழவழப்பான பக்கம் சிமெண்டைச் சரியாகப் பிடிக்காது. மாதம் ஒன்றிரண்டு ஆடத்தான் செய்யும், நானே மறுபடி பதிப்பேன்.

வந்த அன்றே அக்கா சிரித்தாள்: "இன்னாடா, ரோட்டுக்குப் போடறத பாத்ரூமுக்குப் போட்டுகீறீங்க?" முதல்நாள் அவள் குளித்து முடிக்கும்வரை அம்மா கதவருகிலேயே நின்றாள். மறுநாள் நிற்கவில்லை, கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வீடு இப்போது இல்லை, அடுக்குமாடி எழும்பிவிட்டது. அந்தப் பிரசவத்தில் பிறந்த அக்கா மகள் முதன்முதலில் சுவரைப் பிடிக்காமல் நின்று குளித்த இடத்தில் யாரோ ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள்.