வாங்கில் விட்டுப்போன புட்டுப்பெட்டி

இன்று பேருந்து நிலையத்தில் டீசல் புகை மூக்கில் ஏறியதும், புலம்பெயர்ந்து நாங்கள் வாழ்ந்த சூக் நகரின் ஏரிக்கரையில் இப்போது இல்லாமல் போய்விட்ட அந்தப் பழைய மரப் படகுத்துறையில், நினைவில் போய் நின்றேன். அப்பா பயணிகள் கப்பலின் சமையலறையில் கோப்பை கழுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அம்மாவும் அவரை வழியனுப்பப் போவோம். கயிறு அவிழ்ந்து, காலடியில் பலகைகள் நடுங்கி, வெள்ளைக் கப்பல் கரையை விட்டு விலகிய பிறகுதான், நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கிலேயே அவர் தன் புட்டுப்பெட்டியை விட்டுவிட்டுப் போனது தெரியும். நான் கத்த வாய் திறந்தால் அம்மா பொத்திவிடுவார்.

"போற மனுசனைப் பின்னால கூப்பிடக்கூடாது, பிள்ளை."

பிறகென்ன, புட்டு ஆறிவிடாமல் பெட்டியை அம்மாவின் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கப்பல் ஏரியைச் சுற்றித் திரும்பும்வரை, தொலைவில் ஒரு வெள்ளைப் புள்ளி மெல்ல மெல்லக் கப்பலாவதைப் பார்த்தபடியே இருப்போம்.

பல வருடம் கழித்துக் கேட்டேன்: "எப்பிடி அப்பா, ஒவ்வொரு ஞாயிறும் மறந்தனீங்கள்?"

"ஆர் மறந்தது?" என்று சிரித்தார். "பெட்டியைக் கொண்டு போனால் நீங்கள் வீட்டை போயிடுவியள். நான் திரும்பி வரேக்கை கரையில ஆர் நிக்கிறது?"