பிரசவத்துக்கு ஒரு சித்தி

இன்று ஒன்பதாம் மாதச் செக்கப்புக்காகத் தலைச்சோலையிலிருந்து மலை இறங்கிச் சேலம் போனேன்.

டூலா அக்காவும் பஸ்ஸில் கூட வந்தார். டூலா என்றால் பிரசவத் துணை; பிரசவத்தின்போது பக்கத்திலேயே இருந்து எனக்காகப் பேசுவதுதான் அவர் வேலை.

"பிரசவ ரூமுக்குள்ள சொந்தக்காரங்களத்தான் உடுவாங்க கண்ணு. என்னையச் சித்தின்னு சொல்லிரு. டாக்டரு என்ன பண்ணுனாலும் ஏன்னு நான் கேக்கறேன்," என்றார்.

அப்படியே சொன்னேன். டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, போன வாரம் கிளியூர்ப் பொண்ணுக்கும் நீங்கதானுங்களே சித்தி?"

அக்கா தரையைப் பார்த்தார்.

"சரி, இருங்க. ஆனா நான் ஆபரேஷன்னு சொன்னா நடுவுல பேசக் கூடாது."

"சரிங்க டாக்டர்," என்றார் அக்கா, உடனே.

திரும்பி வரும்போது, பஸ் மலை ஏறி முடியும்வரை எனக்கு ஒரே யோசனை. இவர் எனக்குச் சித்தியா, டாக்டருக்குச் சித்தியா?

வாயுள்ள நிஜச் சித்தி யாருக்காவது இருந்தால், ஒரு வாரத்துக்கு அனுப்பி வையுங்கள்.