கார்த்திகை முகூர்த்தமும் இரண்டாம் இடமும்

டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் வாங்கிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைக்க, டிசம்பர் முதல் சனிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார் வாத்தியார். அதை விட்டால் மார்கழிக்கு முன் வேறு முகூர்த்தம் இல்லை. வாடகை வீட்டையோ அந்த மாதமே காலி செய்தாக வேண்டும்.

அதே நாளில்தான் மகள் படிக்கும் காலேஜ் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் கான்ஃபரன்ஸின், அதாவது அவர்கள் லீக்கின், இறுதி ஆட்டம் என்று பிறகு தெரிந்தது. அவள் காலேஜ் பேண்டில் டியூபா என்ற, உடம்பைச் சுற்றி வளையும் பெரிய ஊதுகுழல் வாசிக்கிறாள்; டீம் போகும் இடமெல்லாம் பேண்டும் போகும். இருந்தும் நான் கவலைப்படவில்லை. முதல் இரண்டு இடத்தில் வருபவர்களுக்குத்தான் இறுதி ஆட்டம். இவர்கள் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த வருடம் பார்த்து ஜெயிக்கத் தொடங்கினார்கள்.

பெண் இல்லாமல் புது வீட்டில் எப்படிப் பால் காய்ச்சுவது? சனிக்கிழமைதோறும் டிவி முன் உட்கார்ந்து எதிர் டீமுக்காக வேண்டிக்கொண்டேன்.

"சொந்தப் பொண்ணு டீம் தோக்கணும்னு பிள்ளையாருக்குத் தேங்காயா?" என்றார் கணவர். "அவருக்கு இந்த ரூல்ஸ் எல்லாம் தெரியுமா?"

"நான் சொல்லிட்டேன்" என்றேன்.

கடைசி ஆட்டம். ஜெயித்தால் இரண்டாம் இடம், தோற்றால் மூன்றாம் இடம். முடிய இரண்டு விநாடி இருக்கும்போது அவள் டீமில் ஒருவன் வெற்றிக்கான பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்க வந்தான். கேமரா பேண்டைக் காட்டியது. டியூபா வளையத்துக்குள் என் பெண், கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"போடுடா கண்ணா" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். பந்து கம்பத்தில் இடித்து உள்பக்கமாகப் போனது. இரண்டாம் இடம் உறுதி.

வாத்தியாருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க பொண்ணு காலேஜா ஜெயிச்சுது?" என்றார். சொன்னேன்.

"டெக்சாஸ்ல நான் ஃபுட்பால் பாக்காம முகூர்த்தம் வைக்கிறதில்லம்மா. இவங்க மேல வரவே மாட்டாங்கன்னு நம்பிக் கொடுத்துட்டேன். பேண்டோட பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

"காலையில ஏழரைக்கு."

"நாலரைக்கு ஹோமத்தை ஆரம்பிச்சுடலாம். பிரம்ம முகூர்த்தம், ஒரு குறையும் இல்ல."

அப்படியே நடந்தது. பட்டுப்பாவாடைக்குப் பதில் பேண்ட் யூனிஃபார்மில் பால் காய்ச்சினாள். "அம்மா, டோன்ட் க்ரை, இட் வில் ஸ்பில்" என்றாள். வாத்தியார் கேட்காமலே டியூபாவுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, முதல் பெட்டியாக டிவியைப் பிரித்தோம். டீம் படுதோல்வி. வாத்தியார் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. கோச்சைத் திட்டிக்கொண்டே இரண்டாவது முறை பாயசம் கேட்டார். கேமரா பேண்டைக் காட்டியபோது டியூபாவில் பொட்டு அப்படியே இருந்தது.